மண்ணுக்குள் ஒரு தொட்டி

காலை ஆறு மணி. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். இரவெல்லாம் ஓடி வந்த லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அந்த நேரத்தில் ஒரு டேங்கர் லாரி உள்ளே வருகிறது. டிரைவர் எஞ்சினை அணைக்கிறார். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார். பங்க்கில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் பெரியவர் ஒரு கம்பியைக் கொண்டுவந்து லாரியில் மாட்டுகிறார். கம்பியின் மறுமுனை மண்ணுக்குள் போகிறது.

பக்கத்தில் ஒரு பையன் நிற்கிறான். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது.

"அண்ணே, இந்தக் கம்பி எதுக்கு? இதுல கரண்ட் வருதா?"

"கரண்ட் வராது தம்பி. லாரியில இருக்கிற கரண்டை மண்ணுக்கு அனுப்பிடும்."

"லாரியில ஏதுண்ணே கரண்ட்?"

"வழியெல்லாம் எண்ணெய் குலுங்கிக்கிட்டே வருதுல்ல? குழாய்ல ஓடும்போதும் உரசும். அந்த உரசல்ல மின்சாரம் சேரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னப் பொறி பறந்தா போதும். நீயும் இல்ல, நானும் இல்ல."

பையன் இரண்டடி பின்னால் போகிறான். பெரியவர் சிரிக்கிறார். மணல் வாளியையும் தீயணைப்புக் கருவியையும் லாரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். வரிசையில் நின்ற வண்டிகளுக்கு டீசல் போடுவது நிறுத்தப்படுகிறது. யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. செல்போனில் பேசக் கூடாது. பிறகுதான் லாரியின் குழாய் தரையில் உள்ள ஒரு மூடியில் பொருத்தப்படுகிறது.

அந்த மூடிக்குக் கீழேதான் தொட்டி இருக்கிறது. பங்க்குக்கு வருகிறவர்கள் மேலே நிற்கும் மெஷினைத்தான் பார்க்கிறார்கள். காலுக்குக் கீழே பல ஆயிரம் லிட்டர் பெட்ரோல் இருப்பது பலருக்கு நினைவில்லை.

தொட்டியை ஏன் புதைக்கிறார்கள்?

பெட்ரோல் எளிதில் ஆவியாகும். மேலே வெயிலில் வைத்தால் வேகமாக ஆவியாகும். மண்ணுக்குள் சூடு குறைவு. பக்கத்தில் எங்காவது தீப்பிடித்தாலும் அந்தத் தீ தொட்டியை எட்டாது. வண்டி வந்து மோதவும் வழி இல்லை. இடமும் மிச்சம். அதனால்தான் பங்க்கில் தொட்டியைப் புதைக்கிறார்கள்.

தொட்டி கனமான இரும்புத் தகட்டால் ஆனது. இரும்பு மண்ணில் கிடந்தால் துருப்பிடிக்கும். ஆகவே வெளிப்புறத்தில் துரு ஏறாத பூச்சு பூசுகிறார்கள். தொட்டி மூச்சு விடவும் வழி வேண்டும். எண்ணெய் உள்ளே போகும்போது உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வேண்டும். எண்ணெய் குறையும்போது காற்று உள்ளே வர வேண்டும். இதற்காக ஒரு குழாய் மேலே எழும்பி நிற்கும். பங்க்கின் ஓரத்தில், சுவர் பக்கமாக, மெல்லிய குழாய்கள் நிற்பதைப் பார்க்கலாம். அவை தரையில் இருந்து 4 மீட்டருக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. குழாயின் வாயில் நெருக்கமான கம்பி வலை இருக்க வேண்டும். வெளியே ஒரு தீப்பொறி பறந்தால் அந்த வலை அதை உள்ளே விடாது. வலை கிழிந்து போனால், குழாய் நின்றும் பயன் இல்லை.

பெட்ரோல் ஆவிக்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றைவிடக் கனமானது. அடுப்புப் புகைபோல மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையோடு தவழ்ந்து போகும். பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தங்கும். பெட்ரோல் சிந்திய இடம் ஓரிடம், தீப்பிடிக்கும் இடம் வேறோரிடம் என்று ஆவது இதனால்தான்.

கோல் போட்டுப் பார்ப்பது

லாரி எண்ணெயை இறக்கும் முன்பும் இறக்கிய பின்பும் பெரியவர் ஒரு நீண்ட கோலைத் தொட்டிக்குள் விடுகிறார். பித்தளை அல்லது அலுமினியக் கோல். அதில் அளவுக் கோடுகள் உண்டு. எண்ணெய் எந்தக் கோடு வரை நனைத்திருக்கிறது என்று பார்க்கிறார். சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. இத்தனை சென்டிமீட்டர் என்றால் இத்தனை லிட்டர் என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போது பல பங்க்குகளில் இந்த வேலையைக் கருவியே செய்கிறது. உள்ளே உள்ள அளவு திரையில் தெரிகிறது. ஆனாலும் கோல் போட்டுப் பார்க்கும் வழக்கம் போகவில்லை.

கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவுவதும் உண்டு. தொட்டியின் அடியில் தண்ணீர் இருந்தால் பசையின் நிறம் மாறும். தண்ணீர் எப்படி வரும்? மூடியின் வழியாக மழைநீர் இறங்கலாம். தொட்டியில் ஓட்டை இருந்து, வெளியே நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருந்தால், நீர் உள்ளே வரலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு இந்தச் சோதனை இன்னும் முக்கியமாகிவிட்டது. எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். போதிய தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு அடியில் தங்கிவிடும்.

இனி ஒரு கணக்கு. காலையில் கோல் போட்டபோது தொட்டியில் 12,400 லிட்டர் இருந்தது. அன்று 3,150 லிட்டர் விற்றது. மாலையில் 9,250 லிட்டர் இருக்க வேண்டும். கோல் 9,205 லிட்டர் காட்டுகிறது. 45 லிட்டர் குறைகிறது.

ஒரு நாள் குறைந்தால் பயப்பட வேண்டாம். கோலைப் பார்த்ததில் சிறு பிழை இருக்கலாம். லாரியில் சூடாக வந்த பெட்ரோல், தொட்டியில் குளிர்ந்ததும் கொஞ்சம் சுருங்கும். ஆனால் நாள்தோறும் 45 லிட்டர் குறைந்துகொண்டே போனால்? முப்பது நாளில் 1,350 லிட்டர். ஏறத்தாழ ஏழு பேரல். அவ்வளவும் எங்கே போனது? ஒன்று, மெஷின் தவறாக அளக்கிறது. அல்லது யாரோ திருடுகிறார்கள். அல்லது தொட்டியோ குழாயோ ஒழுகுகிறது.

மண்ணுக்கு மேலே உள்ள தொட்டி ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் உள்ளது ஒழுகினால் தெரியாது. கணக்கு நோட்டுத்தான் அதற்குக் கண். நோட்டை ஒழுங்காக எழுதாத பங்க்கில் ஒழுக்கு பல மாதம் நடந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. அது கிணற்றில் வந்த பிறகுதான் தெரியும்.

கிணற்றில் வாடை

ஒழுகிய பெட்ரோல் மண்ணில் கீழே இறங்கும். நிலத்தடி நீரை எட்டியதும் அதன் மேல் மிதக்கும். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது அல்லவா? ஆனால் முழுவதும் மிதந்துவிடாது. அதில் உள்ள சில பொருள்கள் தண்ணீரில் கரையும். பென்சீன் அப்படிப்பட்ட ஒன்று. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். கரைந்த பிறகு நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் போகும். கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிருமிக்குத்தான் கொதிக்க வைப்பது மருந்து. பெட்ரோல் கலந்த நீரை வீட்டுக்குள் கொதிக்க வைத்தால் அந்த ஆவியை மூச்சில் இழுக்க வேண்டிவரும். தீப்பிடிக்கவும் கூடும்.

கிணற்றில் பெட்ரோல் வாடையோ மண்ணெண்ணெய் வாடையோ வந்தால், நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால், அந்த நீரைக் குடிக்கக் கூடாது. ஆடு மாடுகளுக்கும் காட்டக் கூடாது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துவது, அரிக்கேன் விளக்கை இறக்குவது எல்லாம் உயிருக்கே ஆபத்து. சுத்தம் செய்கிறேன் என்று ஆள் இறங்கவும் கூடாது. கிணற்றுக்குள் ஆவி தங்கியிருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். பெட்ரோல் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலைக்கும் இது பொருந்தும். உள்ளே ஆவி இல்லை என்று தகுதியுள்ளவர் கருவி வைத்துச் சோதித்து, எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அதில் யாரையும் இறக்கக் கூடாது. கூலிக்குப் போகிறவர் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் வேலை போய்விடுமே என்ற அச்சம் இருக்கும்தான். இருந்தாலும் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பெட்ரோலியச் சட்டம் 1934-இல் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பிறகு பலமுறை திருத்தப்பட்டது. அதன் கீழ் 2002-இல் வந்த விதிகள்தான் தொட்டியை எப்படி அமைப்பது, எப்படிச் சோதிப்பது, யார் உரிமம் தருவது என்று சொல்கின்றன. உரிமம் தரும் அமைப்பின் தலைமை அலுவலகம் நாகபுரியில் இருக்கிறது. அதன் பெயர் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. இது 1898-இல் வெடிபொருள் துறையாகத் தொடங்கியது. பட்டாசு ஆலைக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் இதே அமைப்புத்தான் பொறுப்பு.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்று சட்டம் பார்க்கிறது. எந்தச் சூட்டில் எண்ணெயின் ஆவி தீப்பற்றும் என்பதுதான் அளவுகோல். 23 டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவி தருவது 'ஏ' வகை. பெட்ரோல் இந்த வகை. அது கடுங்குளிரிலும் பற்றும். 23 டிகிரி முதல் 65 டிகிரிக்குள் என்றால் 'பி' வகை. டீசலும் மண்ணெண்ணெயும் இதில் சேரும். 65 முதல் 93 டிகிரிக்குள் என்றால் 'சி' வகை. கொதிகலன்களில் எரிக்கும் கனமான எண்ணெய் இந்த வகை.

ஒருவர் நினைத்த இடத்தில் பங்க் திறக்க முடியாது. முதலில் மாவட்ட ஆட்சியரிடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். தொட்டி எங்கே, மெஷின் எங்கே, சுற்றி என்ன இருக்கிறது என்று வரைபடம் தர வேண்டும். வரைபடத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கட்ட வேண்டும். தொட்டியில் கசிவு இல்லை என்று சோதித்துச் சான்று வாங்கிய பிறகுதான் உரிமம். உரிமம் வந்த பிறகு வரைபடத்தில் இல்லாத ஒரு அறையைக்கூடக் கேட்காமல் கட்டக் கூடாது.

2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதிய பங்க்குகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளிக்கூடம், பத்துப் படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றில் இருந்து 50 மீட்டர் தள்ளி பங்க் இருக்க வேண்டும். இடமே கிடைக்காத நிலையில், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இந்தத் தூரத்தைக் குறைக்கலாம். அப்போதும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கே இருந்து அளப்பது? மெஷின், லாரி எண்ணெய் இறக்கும் வாய், ஆவி போகும் குழாய் இவற்றில் எது பள்ளிக்கோ வீட்டுக்கோ பக்கமோ, அங்கே இருந்து அளக்க வேண்டும். பங்க்கின் வாசலில் இருந்து அளந்து காட்டினால் அது சரியான அளவு அல்ல.

விதி மட்டும் போதுமா?

மண்ணுக்கு மேலே பெரிய பெரிய வட்டத் தொட்டிகள் நிற்கும் இடங்கள் உண்டு. அவை எண்ணெய்க் கிடங்குகள். ஒரு தொட்டியிலேயே பல லட்சம் லிட்டர் இருக்கும். இவ்வளவையும் புதைக்க முடியாது. அதனால் தொட்டிகளைச் சுற்றி மதில்போலக் கரை கட்டுகிறார்கள். தொட்டி உடைந்தாலும் எண்ணெய் அந்தக் கரைக்குள் நிற்க வேண்டும். உள்ளே இருப்பதில் மிகப் பெரிய தொட்டியின் எண்ணெய் முழுவதும் கரைக்குள் கொள்ள வேண்டும்.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகருக்குத் தெற்கே சீதாபுரா தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கிடங்கு ஒன்று இருந்தது. 2009 அக்டோபர் 29, வியாழக்கிழமை. மாலை ஆறு மணிக்குப் பிறகு, பக்கத்தில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் கிடங்குக்குப் பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் நடந்தது. குழாயில் இரண்டு வால்வுகள். நடுவில் ஒரு தடுப்புத் தகடு. அந்தத் தகட்டை மாற்றும்போது குழாய் அந்த இடத்தில் திறந்திருக்கும். ஆகவே தொட்டிப் பக்கத்து வால்வு மூடியிருக்க வேண்டும். அன்று அது மூடியிருக்கவில்லை.

பெட்ரோல் நீரூற்றுப்போலப் பீறிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஆவியில் திணறினார். உதவப் போனவரும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூச்சுக் கருவி அணிந்து உள்ளே போய் வால்வை மூட ஆள் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி அந்த வால்வை மூடும் வசதி வேலை செய்யும் நிலையில் இல்லை. சுமார் ஒன்றேகால் மணி நேரம் பெட்ரோல் கொட்டியது. காற்று அசையாத மாலை அது. ஆவி கிடங்கு முழுவதும் தரையோடு பரவியது. ஏழரை மணி அளவில் எங்கோ ஒரு பொறி.

வெடிச் சத்தம் நகரத்தையே உலுக்கியது. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கட்டடங்களிலும் கண்ணாடிகள் நொறுங்கின. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கிடங்கில் வேலை செய்தவர்களும் இறந்தார்கள். கிடங்குக்குத் தொடர்பே இல்லாமல் வெளியே இருந்தவர்களும் இறந்தார்கள். தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றின. அணைக்க முடியாத தீ. எரிந்து தீரட்டும் என்று விடுவதைத் தவிர வழி இல்லை. அணைய ஏறத்தாழ 11 நாள் ஆயிற்று.

எம்.பி. லால் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. அந்தக் கிடங்கு உரிமம் இல்லாத கிடங்கு அல்ல. கரை இருந்தது. வால்வு இருந்தது. தீயணைப்பு ஏற்பாடும் இருந்தது. வேலையைச் செய்ய வேண்டிய வரிசையில் செய்யவில்லை என்பதும், அந்தத் தவறைத் தடுக்க வேண்டிய அடுத்த ஏற்பாடுகள் செத்துக் கிடந்தன என்பதும்தான் குழு கண்டது. தூரத்தில் இருந்தே வால்வை மூடும் வசதி, ஆவி கசிந்தால் ஒலி எழுப்பும் கருவி, அந்த வகைத் தடுப்புத் தகட்டையே நீக்குவது என்று பல மாற்றங்களைக் குழு சொன்னது. அதற்குப் பிறகு நாட்டின் மற்ற கிடங்குகளிலும் இவை செய்யப்பட்டன.

வீட்டில், கடையில்

பெரிய தொட்டிக்கு மட்டும்தான் சட்டமா? இல்லை. விற்பனைக்கு அல்லாமல், சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் தேவை இல்லை. அதுவும் இறுக மூடிய கலனில் இருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் 1 லிட்டருக்கு மேற்படக் கூடாது. உலோகக் கலன் என்றால் 25 லிட்டர் வரை. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி ஜன்னலில் வைப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. குழந்தை தண்ணீர் என்று குடித்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

டீசலுக்கு அளவு கூடுதல். ஓர் இடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். ஆனால் எந்த ஒரு கலனும் 1,000 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் வைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கி விற்பது என்றால் அதற்கு வேறு உத்தரவுகளும் உண்டு.

மனு எழுதுவது

பங்க்குக்குப் பக்கத்துக் கிணற்றில் வாடை வந்தால் முதலில் பங்க் மேலாளரிடம் சொல்ல வேண்டும். அதே நாளில் ஊராட்சித் தலைவருக்கும் தெரிவிக்க வேண்டும். தீ ஆபத்து இருந்தால் 112-க்குப் போன் செய்ய வேண்டும். பிறகு ஆட்சியருக்கு மனு. தடையில்லாச் சான்று கொடுத்தது அந்த அலுவலகம்தான். மனு நீளமாக இருக்க வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஐயா / அம்மா,

எங்கள் ஊர் ............. . எங்கள் தெருக் கிணற்றில் ............. தேதி முதல் பெட்ரோல் வாடை வருகிறது. கிணற்றில் இருந்து ........ அடி தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ........ குடும்பங்கள் இந்த நீரைக் குடித்து வந்தோம். இப்போது நிறுத்திவிட்டோம். கிணற்று நீரைச் சோதித்து முடிவை எங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். பங்க் தொட்டியையும் குழாய்களையும் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். சோதனை முடியும் வரை எங்களுக்குக் குடிநீர் லாரி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
(கையெழுத்துகள்)

வாடை வந்த தேதியை விட்டுவிடக் கூடாது. பங்க்கின் கணக்கு நோட்டில் அந்தத் தேதியில் அளவு குறைந்திருக்கிறதா என்று அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். மனுவின் நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி

ஒரு தொட்டியில் காலையில் 8,600 லிட்டர் டீசல் இருந்தது. அன்று 2,480 லிட்டர் விற்றது. மாலையில் கோல் 6,085 லிட்டர் காட்டியது. எத்தனை லிட்டர் குறைகிறது? இதேபோல 20 நாள் குறைந்தால் மொத்தம் எவ்வளவு?

ஒரு விவசாயி 200 லிட்டர் பேரல்களில் டீசல் வைக்கிறார். உரிமம் இல்லாமல் எத்தனை பேரல் வரை வைக்கலாம்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பங்க்கில் ஆவி போகும் குழாய் எங்கே நிற்கிறது? அங்கே இருந்து பள்ளிக்கூடம் எத்தனை மீட்டர்? போய்ப் பார்த்து எழுதுங்கள்.